பாமாயிலில் உணவுப் பாதுகாப்புச் சட்டம் எதைத் தேடுகிறது?

போன மார்கழியில் ஊட்டியிலிருந்து அத்தை போன் செய்தார். ரேஷனில் வாங்கிய பாமாயில் பாக்கெட்டின் அடியில் வெள்ளையாக ஏதோ கட்டியிருக்கிறதாம். "மெழுகு கலந்திருக்கானுங்கடா. வெளிநாட்டுல இதைத் தடையே பண்ணிட்டாங்களாம், நம்ம தலையில கட்டுறாங்க" என்றார். அவருக்கு வந்த வாட்ஸ்அப் செய்தி எனக்கும் வந்திருந்தது. பாமாயில் மாரடைப்பு தரும், பாமாயில் புற்றுநோய் தரும், ஐரோப்பா பாமாயிலைத் தடை செய்துவிட்டது என்று மூன்று வரிகள்.

முதல் வரி சத்து பற்றியது. இரண்டாவது நச்சு பற்றியது. மூன்றாவது, தோண்டிப் பார்த்தால், காடு பற்றியது. மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டதால்தான் அத்தை ஒரு லிட்டர் எண்ணெயைக் குப்பையில் கொட்டத் தயாராக நின்றார். நடுவில் இருக்கும் அந்த இரண்டாவது வரியை மட்டும் எடுத்து, சட்டம் அங்கே என்ன செய்கிறது என்று பொறுமையாகப் பார்க்கலாம்.

முதலில் அந்த மெழுகு

தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைந்தால் யாரும் கலப்படம் என்று சொல்வதில்லை. பாமாயிலும் அதே இயல்புள்ளதுதான். பழத்திலிருந்து வரும் எண்ணெய் சாதாரண வெப்பத்தில் பாதி கெட்டி, பாதி இளக்கம். ஆலையில் அதை மெதுவாகக் குளிர வைத்து, உறைந்த பகுதியை வடிகட்டிப் பிரிக்கிறார்கள். உறைந்தது ஸ்டியரின். அது வனஸ்பதிக்கும் பேக்கரிக் கொழுப்புக்கும் சோப்புக்கும் போகும். வடிந்து வரும் திரவம் பாமோலின். நாம் பாமாயில் என்று வாங்கும் பாக்கெட்டில் இருப்பது இந்தப் பாமோலின்தான்.

பாமோலின் கலங்கத் தொடங்கும் வெப்பநிலை 18 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர விதி. அதைவிடக் குளிர்ந்தால் நல்ல பாமோலினும் கலங்கும், அடியில் கட்டும். ஊட்டியின் மார்கழி இரவு 10 டிகிரிக்கும் கீழே போகும். அத்தையின் பாக்கெட்டில் நடந்தது அவ்வளவுதான். மெழுகு இல்லை.

ஒரு பேருந்து, மூன்று கேள்விகள்

ஒரு பேருந்தைப் பற்றி மூன்று விதமாகக் கேட்கலாம். இருக்கை வசதியாக இருக்கிறதா? புகை கக்குகிறதா? பிரேக் பிடிக்கிறதா? மூன்றும் நியாயமான கேள்விகள். ஆனால் புகை கக்குகிறது என்பதால் பிரேக் பிடிக்காது என்று ஆகிவிடாது.

பாமாயிலில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு. இந்த வகைக் கொழுப்பு கூடினால் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும். எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்த சத்துக் கேள்வி இது. வெண்ணெய்க்கும் நெய்க்கும்கூட இதே கேள்வி உண்டு.

காடு பற்றிய கேள்வி வேறு. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் மழைக்காடுகளை அழித்து, பாமாயில் தரும் மரத்தை நட்டார்கள். அதனால் வாகன எரிபொருளாகப் பாமாயில் எரிப்பதை 2030க்குள் படிப்படியாகக் கைவிட ஐரோப்பிய ஒன்றியம் முடிவு செய்தது. "ஐரோப்பா தடை செய்துவிட்டது" என்ற செய்தியின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன். சாப்பிடும் பாமாயிலுக்கு அங்கே தடை இல்லை. இன்றும் பிஸ்கட்டிலும் சாக்லேட் பூச்சிலும் பயன்படுத்துகிறார்கள்.

பிரேக் கேள்விதான் உணவுப் பாதுகாப்பு. எண்ணெயில் இருக்கக்கூடாத ஏதாவது அதில் இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு? எந்தக் கட்டத்தில் உள்ளே வந்தது? சட்டம் கேட்பது இவற்றைத்தான்.

குலையிலிருந்து பாக்கெட் வரை

மலேசியத் தமிழர்கள் இந்த மரத்தைச் செம்பனை என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல். ரப்பர் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய குடும்பங்கள் பல, தோட்டங்கள் செம்பனைக்கு மாறியபோது குலை வெட்டும் வேலைக்குப் போயின. அந்த நாட்டில் வணிக நோக்கில் செம்பனையை முதலில் நட்டது 1917இல், சிலாங்கூர் மாநிலத்துத் தென்னமரம் தோட்டத்தில். உலகப் பாமாயிலில் 80 சதவீதத்துக்கு மேல் இன்று இந்தோனேசியாவும் மலேசியாவும் தருகின்றன.

குலையை வெட்டியதும் நேரம் ஓடத் தொடங்குகிறது. லாரியில் ஏற்றி, முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் நீராவியில் வேக வைக்க வேண்டும். வெந்த பழத்தைப் பிழிந்தால் சிவப்பான கச்சா எண்ணெய் கிடைக்கும். கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டின்தான் இந்தச் சிவப்புக்கும் காரணம்.

அந்தக் கச்சா எண்ணெயில் ஒரு பகுதி அப்படியே கப்பலேறுகிறது. உலகிலேயே அதிகமாகப் பாமாயில் வாங்கும் நாடு இந்தியா. காக்கிநாடா, கிருஷ்ணபட்டினம், சென்னை போன்ற துறைமுகங்களை ஒட்டிய ஆலைகளில் அதைச் சுத்திகரிக்கிறார்கள். முதலில் பசை நீக்குவார்கள். அப்புறம் ஒருவகைக் களிமண் சேர்த்து வெளுப்பார்கள். கடைசியில் வெற்றிடக் கலத்தில் எண்ணெயை நன்றாகச் சூடாக்கி, அதன் ஊடே நீராவியைச் செலுத்தி வாடையைப் போக்குவார்கள். வாடை நீக்கம் எனப்படும் இந்தக் கடைசிப் படியில் வெப்பம் 240 டிகிரி, சில நேரம் 260 டிகிரி வரை போகும்.

நம் கதையின் முக்கியமான இடம் இதுதான்.

திரிசூலத்தில் ஒரு முனை போனால்

எந்தச் சமையல் எண்ணெயையும் நுண்ணிய அளவில் பார்த்தால் அது திரிசூலங்களின் கூட்டம். பிடி என்பது கிளிசரால். மூன்று முனைகளும் கொழுப்பு அமிலங்கள். முழுத் திரிசூலத்துக்கு டிரைகிளிசரைடு என்று பெயர்.

மாம்பழம் கீழே விழுந்து அடிபட்டால் அந்த இடம் கன்றி, நைந்து, புளிப்பேறும். செம்பனைப் பழத்திலும் அப்படித்தான். பழம் நசுங்கியதும் அதற்குள் இருக்கும் லைப்பேஸ் என்ற நொதி வேலையைத் தொடங்கிவிடுகிறது. நொதி என்றால் உயிருள்ளவற்றில் வேதிமாற்றத்தை வேகப்படுத்தும் புரதம். இந்த நொதி கத்தரிக்கோல் போலத் திரிசூலத்தின் ஒரு முனையை வெட்டிவிடும். மிஞ்சுவது இருமுனை, அதாவது டைகிளிசரைடு. மற்ற எண்ணெய்களைவிடப் பாமாயிலில் இந்த இருமுனைகள் அதிகம். நீராவியில் வேக வைப்பதே இந்த நொதியை நிறுத்தத்தான். வேக வைக்கத் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் கத்தரிக்கோல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இருமுனை தன்னளவில் தீங்கில்லாதது. ஆனால் வாடை நீக்கும் கலத்தில் ஏறத்தாழ 230 டிகிரியைத் தாண்டியதும் அது உருமாறி கிளைசிடைல் எஸ்டர் என்ற பொருளாகிறது. அதைச் சாப்பிட்டால் குடலில் உடைந்து கிளைசிடால் வெளிவரும். கிளைசிடாலை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்று கருதப்படும் 2ஏ பிரிவில், சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2000ஆம் ஆண்டு சேர்த்தது.

இன்னொரு பொருளும் பிறக்கிறது. பழத்தோடு கொஞ்சம் குளோரின் சேர்ந்து வந்தால், அது கொதிகலத்தில் திரிசூலத்தோடு ஒட்டிக்கொள்ளும். விளைவு 3-எம்.சி.பி.டி. எஸ்டர். குளோரின் எங்கிருந்து வருகிறது? மண்ணிலிருந்து வரும், தண்ணீரிலிருந்து வரும், மரத்துக்குப் போடும் பொட்டாஷ் உரத்திலிருந்தும் வரும், ஏனென்றால் அது பொட்டாசியம் குளோரைடு. விலங்குச் சோதனைகளில் இந்தப் பொருள் சிறுநீரகத்தையும் ஆணின் இனப்பெருக்கத் திறனையும் பாதித்தது.

ஆக, இதுவரை பார்த்ததில் யாரும் எதையும் கலக்கவில்லை. பழம் நசுங்கியது, குளோரின் கூட வந்தது, கடைசியில் வெப்பம் மிஞ்சியது. இவை சேர்ந்து ஆலைக்குள்ளேயே உருவாக்கிய பொருட்கள் இவை. சூரியகாந்தி, சோயா, தவிடு என்று சுத்திகரித்த எந்த எண்ணெயிலும் ஓரளவு இருக்கும். பாமாயிலில் அதிகம்.

எவ்வளவு என்றால் அதிகம்?

2016 மே மாதம் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு பெரிய மதிப்பீட்டை வெளியிட்டது. பாமாயில் மாதிரிகளில் கிளைசிடைல் எஸ்டர் சராசரியாக ஒரு கிலோவுக்கு 3,955 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மற்ற எண்ணெய்களின் சராசரிகள் 15 முதல் 650 வரைதான்.

இங்கே இரண்டு வகை நச்சுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பல பேர் குழம்பும் இடம் இது.

ஒரு வகைக்கு வாசற்படி உண்டு. அதைத் தாண்டும் வரை உடல் சமாளித்துவிடும். 3-எம்.சி.பி.டி. இந்த வகை. அதனால் அதற்குத் தினசரி தாங்கும் அளவு, அதாவது வாழ்நாள் முழுக்க நாள்தோறும் உட்கொண்டாலும் பாதிப்பு வராது என்று கணிக்கும் அளவு ஒன்றை வைக்க முடிகிறது. அதே ஆணையம் 2018இல் அதை உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் என்று வைத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 120. எண்ணெயில் கிலோவுக்கு 2,500 மைக்ரோகிராம் இருந்தால், 48 கிராம் எண்ணெயில், அதாவது ஏறத்தாழ மூன்றரை மேசைக்கரண்டியில், அந்த அளவு முடிந்துபோகும். 5 கிலோ எடையுள்ள கைக்குழந்தைக்கு அதே எண்ணெயில் 4 கிராமிலேயே முடிந்துபோகும்.

இன்னொரு வகைக்கு வாசற்படி கிடையாது. மரபணுவையே தாக்கும் பொருள் என்றால், இவ்வளவு வரை கவலையில்லை என்று கோடு போட முடியாது. கிளைசிடால் இந்த வகை. அதற்குத் தாங்கும் அளவை ஆணையம் வைக்கவே இல்லை. வேறு கணக்குப் போட்டது. விலங்குகளில் தீங்கு தெரிந்த அளவு, மனிதர் உண்ணும் அளவைப் போல எத்தனை மடங்கு? இந்த இடைவெளி 25,000 மடங்காவது இருந்தால் கவலை குறைவு. புட்டிப்பால் மாவு மட்டுமே உணவாகக் கொண்ட கைக்குழந்தைகளுக்கு இடைவெளி சுமார் 5,500தான் என்று கணக்கு சொன்னது. தாய்ப்பாலின் கொழுப்பை ஒத்திருக்க வேண்டும் என்பதால் பால் மாவில் பாமாயில் சேர்ப்பது வழக்கம். குழந்தை வேறெதுவும் சாப்பிடுவதில்லை. உடல் எடையும் குறைவு. என்னைப் பொறுத்தவரை இந்த முழு விவகாரத்திலும் நெஞ்சை உறுத்தும் எண் இது ஒன்றுதான், சட்டமும் இங்கேதான் அதிகக் கறாராக இருக்கிறது.

தடை இல்லை, ஒரு எண்

அறிக்கை வந்ததும் 2017 தொடக்கத்தில் செய்திகள் பரபரத்தன. இத்தாலியில் சில நிறுவனங்கள் பாமாயிலையே கைவிட்டன. நுடெல்லா தயாரிக்கும் ஃபெரேரோ, தாங்கள் குறைந்த வெப்பத்தில் பதப்படுத்திய எண்ணெயையே பயன்படுத்துவதாக விளம்பரம் செய்தது. ஆனால் ஆணையம் பாமாயிலைச் சாப்பிடாதீர்கள் என்று எங்கும் சொல்லவில்லை. அதன் வேலை ஆபத்தை அளப்பது. வரம்பு போடுவது ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலை.

ஒன்றியம் 2018இல் வரம்பு போட்டது: கடைக்கு வரும் எந்தத் தாவர எண்ணெயிலும் கிளைசிடைல் எஸ்டர் கிலோவுக்கு 1,000 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது, குழந்தை உணவுக்கான எண்ணெயில் 500. முன்பு சொன்ன 3,955 என்ற சராசரியோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரிய இறக்கம் என்று புரியும். 2021 முதல் 3-எம்.சி.பி.டி.க்கும் வரம்பு வந்தது. சூரியகாந்தி, சோயா, தேங்காய் போன்றவற்றுக்கு 1,250, பாமாயிலுக்கு 2,500, குழந்தை உணவு எண்ணெய்க்கு 750.

ஒரே நச்சுக்குப் பாமாயிலுக்கு ஏன் இரண்டு மடங்கு சலுகை? வரம்பு என்பது தீங்கை மட்டும் பார்த்துப் போடுவதல்ல. நன்றாக வேலை செய்யும் ஆலையால் நியாயமாக எவ்வளவு குறைக்க முடியும் என்பதையும் பார்க்கிறார்கள். எட்ட முடியாத எண்ணைப் போட்டால் யாரும் எட்டமாட்டார்கள். எட்டக்கூடிய எண்ணைப் போட்டுப் படிப்படியாக இறுக்கலாம். இந்த வாதம் புரிகிறது. ஆனாலும் சாப்பிடுபவரின் சிறுநீரகத்துக்கு எண்ணெயின் பெயர் தெரியாது என்பதால், பாமாயில் வரம்பு இன்னும் இறங்க வேண்டும் என்பதே என் கருத்து.

எண் வந்ததும் என்ன மாறும்? ஐ.நா. அமைப்புகளின் கீழ் இயங்கும் உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், 2019இல் ஒரு நடைமுறை வழிகாட்டி வெளியிட்டது. அதைப் படித்தால் தோட்டம் வரை பின்னோக்கிப் போகிறது. சரியான பதத்தில் குலையை வெட்டு, நசுக்காதே, சீக்கிரம் வேக வை. கச்சா எண்ணெயைக் குளோரின் இல்லாத நீரில் கழுவு. வாடை நீக்கும் வெப்பத்தைக் குறை. ஏற்கெனவே உருவான கிளைசிடைல் எஸ்டரை மறுபடி களிமண்ணில் வெளுத்து நீக்கு. மலேசியப் பாமாயில் வாரியமும் தோட்டம் முதல் வணிகர் வரை எல்லோருக்கும் தரும் உரிமத்தின் வழியாகவே கட்டுப்பாட்டைக் கொண்டு வருகிறது.

வெப்பத்தைக் குறைத்தால் எண்ணெய் கொஞ்சம் மஞ்சளாகவே நிற்கும். இத்தனை காலம் பளிச்சென்று வெளுத்த எண்ணெயே தரமானது என்று வாங்குபவர்கள் கேட்டார்கள், ஆலைகளும் வெப்பத்தை ஏற்றின. 2010க்கும் 2015க்கும் இடையில், எந்தச் சட்டமும் வருவதற்கு முன்பே, உற்பத்தியாளர்கள் தாமாக எடுத்த முயற்சியால் பாமாயிலில் கிளைசிடைல் எஸ்டர் பாதியாகக் குறைந்திருந்தது. முடியும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. சட்டம் அதை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது.

சுருக்கமாக, சட்டம் குறிவைப்பது மரத்தையோ எண்ணெயையோ அல்ல. பழத்தைக் கையாளும் விதத்தையும் கொதிகலத்தின் வெப்பத்தையும்தான்.

"அப்போ செக்கு எண்ணெயே நல்லதுதானே?"

இந்த இடத்தில் எல்லோரும் கேட்பார்கள். செக்கில் 240 டிகிரி கிடையாது, ஆகவே இந்த இரண்டு பொருட்களும் அதில் உருவாவதில்லை. உண்மைதான். ஆனால் பூஞ்சை பிடித்த கடலையைச் செக்கில் ஆட்டினால் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு எண்ணெயோடு வரும். கல்லீரல் புற்றுநோயோடு உறுதியாகத் தொடர்புள்ள நச்சு அது. அதை நீக்குவது சுத்திகரிப்பு. ஒரு கதவை மூடினால் இன்னொரு கதவு திறக்கிறது. செக்கு எண்ணெய் வாங்குங்கள், தாராளமாக. கடலையைப் பொறுக்கிக் காயவைத்து ஆட்டும் இடமா என்று பார்த்து வாங்குங்கள்.

சாயமும் கப்பலும்

எல்லா ஆபத்தும் தற்செயல் அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் சுத்திகரிக்காத சிவப்புப் பாமாயிலைத்தான் குழம்புக்கு ஊற்றுவார்கள், சிவப்புக் கூடினால் விலை கூடும். கானாவில் 2015இல் சந்தை எண்ணெயைச் சோதித்தபோது சூடான்-4 என்ற தொழிற்சாலைச் சாயம் அகப்பட்டது. உணவில் சேர்க்க அனுமதியே இல்லாத சாயம் அது. ஐரோப்பா இதற்காகவே பாமாயில் இறக்குமதிக்குச் சோதனைச் சான்று கேட்கத் தொடங்கியிருந்தது.

கப்பலுக்கும் விதி உண்டு. எண்ணெய் ஏற்றும் தொட்டியில் அதற்கு முன் என்ன சரக்கு போனது என்று கேட்பார்கள். கோடெக்ஸ் இதற்கென்று ஏற்கத்தக்க முந்தைய சரக்குகளின் பட்டியலே வைத்திருக்கிறது.

நம் ஊர் விதிகள்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குகிறது. பாமாயிலைப் பொறுத்தவரை அதன் விதிகளில் மூன்றை நாம் நேரடியாகத் தொடுகிறோம்.

முதலாவது டிரான்ஸ் கொழுப்பு. திரவ எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்திக் கெட்டியாக்கும்போது பிறக்கும், இதயத்துக்குக் கேடான கொழுப்பு இது. பழைய டால்டா காலத்துப் பிரச்சினை. 2022 ஜனவரி முதல் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் இது 2 சதவீதத்துக்கு மேல் கூடாது. ஹைட்ரஜன் இல்லாமலே கெட்டியாக நிற்கும் பாமாயில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பேக்கரிப் பண்டங்களில் பாமாயில் இவ்வளவு பரவியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இரண்டாவது லேபிள். பொருட்பட்டியலில் வெறுமனே தாவர எண்ணெய் என்று போட்டால் போதாது, எந்த எண்ணெய் என்று எழுத வேண்டும். பாக்கெட்டில் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். எஃப் எழுத்தும் கூட்டல் குறியும் கொண்ட முத்திரை இருந்தால் வைட்டமின் ஏ, டி சேர்த்தது என்று பொருள்.

மூன்றாவது பொரித்த எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சினால் எண்ணெய் உடைந்து துருவச் சேர்மங்கள் என்ற கழிவுகள் சேரும். கறுத்து, நுரைத்து, பிசுபிசுக்கும். 2018 ஜூலை முதல் இவை மொத்தமாக 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது. நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவாகும் கடைகள் கணக்கெழுதி, பழைய எண்ணெயை பயோடீசல் தயாரிக்க எடுத்துப்போகும் அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுக்க வேண்டும். அளக்கும் கருவி சின்னதுதான், சட்டியில் முக்கினால் எண் காட்டும். இது நம் பஜ்ஜிக் கடைகள் எல்லாவற்றிலும் நடக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

அத்தைக்கு இவ்வளவையும் போனில் சொல்லவில்லை. பாக்கெட்டைக் கைபொறுக்கும் வெந்நீரில் கொஞ்ச நேரம் வைக்கச் சொன்னேன். கால் மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். தெளிந்துவிட்டதாம். "சரி, போன வாரம் வடை சுட்ட எண்ணெய் தூக்குல இருக்கு, அதையும் இதோட சேர்த்து ஊத்திக்கவா?" என்று கேட்டார். அது கறுத்திருக்கிறதா என்று கேட்டேன். கறுத்துத்தான் இருக்கிறது என்றார். கொட்ட வேண்டியது அதைத்தான் என்றேன்.